குடும்ப ரகசியம் வைத்துக் காதல் நாவல் எழுதப்போகிறீர்களா? உறுதிக்கட்டிலிருந்து அச்சகம் வரை யாழ்ப்பாணத்துக்காரருக்கு ஒரு வழிகாட்டி

நடை, வர்ணனை, முதல் வரி எப்படி இருக்கவேண்டும் என்றெல்லாம் சொல்லித்தர ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் வில்லன் சித்தப்பா கனடாவில் இருக்கும் அண்ணனுடைய காணியை எந்தப் பேப்பரைக் காட்டி விற்றான், அந்த விற்பனை செல்லுமா, முப்பது வருடம் கழித்து வந்திறங்கும் மகளுக்கு அது எப்படித் தெரியவரும் என்று கேட்டுப் பாருங்கள், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். எழுதி முடித்ததை அச்சில் கொண்டுவர எங்கே போவது, கையில் எவ்வளவு வைத்திருப்பது, எத்தனை மாதம் பிடிக்கும் என்பதும் அப்படித்தான். ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதிவைக்கிறேன். குடும்ப ரகசியம், தொலைந்துபோன உறவு, பழிவாங்கல் மூன்றும் கலந்த காதல் கதை எழுதுபவர்களுக்கு மட்டுமே இது. சரித்திர நாவல்காரர்கள் வேறு இடம் பார்க்கலாம்.

இந்த வகைக் கதைகள் நம்மூரில் பெரும்பாலும் விழுவது காதலில் அல்ல, பேப்பரில். யாழ்ப்பாணத்தில் ஒரு காணிப் பிணக்கையாவது கண்ணால் பார்க்காத வாசகர் குறைவு. நாயகியின் கண்ணீரை நம்பிவிடுவார்கள். பிழையான உறுதியை (காணிப் பத்திரத்தை) நம்பமாட்டார்கள்.

1. முதலில் உறவு மரத்தைக் கீறுங்கள்

பெரிய தாள் ஒன்றில் மூன்று தலைமுறையை எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் பிறந்த ஆண்டு, கலியாண ஆண்டு, இறந்த ஆண்டு போடுங்கள். பிறகு, ரகசியம் உடைந்த அன்று நாயகனும் நாயகியும் ஒருவருக்கொருவர் என்ன முறை ஆகிறார்கள் என்று பாருங்கள்.

அவன் அவளுடைய மாமாவின் மகன் என்று தெரியவந்தால் முறை மச்சான். தடை ஒன்றும் இல்லை, “உரிமைக்காரன்தானே” என்று ஊரே பந்தல் போடும். பெரியப்பாவின் மகன், சித்தியின் மகன் என்று வந்தால் அவன் அண்ணன். காதல் அந்த இடத்திலேயே முடிந்தது. ஆக, தொலைந்துபோனவர் அப்பாவின் தம்பியா, அப்பாவின் தங்கச்சியா என்ற ஒரு தேர்வே உங்கள் கடைசி அத்தியாயத்தைத் தீர்மானித்துவிடும். இருநூறு பக்கம் எழுதிய பிறகு மாமியைச் சித்தப்பாவாக மாற்றுவது பெரிய தலையிடி.

மொழிபெயர்ப்புக் கதைகளும் தொலைக்காட்சித் தொடர்களும் பார்த்துப் பழகியவர்கள் “ஐயோ, நாங்கள் சொந்தக்காரர்!” என்பதையே அதிர்ச்சியாக வைக்கிறார்கள். இங்கே அது பல வேளைகளில் நல்ல செய்தி. அதிர்ச்சி வேண்டுமானால் மாற்றுக் கலியாணத்தை எடுங்கள். ஒரு வீட்டு அண்ணனும் தங்கச்சியும் இன்னொரு வீட்டுத் தங்கச்சியையும் அண்ணனையும் கட்டியிருக்கிறார்கள். பழிவாங்க நினைத்த ஒருவன் மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பினால், அடுத்த நாள் அவனுடைய சொந்தத் தங்கச்சி பெட்டியோடு இவன் வாசலில் நிற்பாள். பழியின் விலையை அவன் உடனே கட்டவேண்டி வருகிறது. இதைவிட நல்ல பொறி கிடைக்காது.

இன்னொரு தொல்லை, அடையாளத்தை மறைத்து ஊருக்குள் வருபவர். ஒழுங்கை முகப்பில் இருக்கும் ஆச்சி இரண்டே கேள்வி கேட்பார்: “தம்பி எவடம்? ஆற்றை பிள்ளை?” (எந்த இடம், யாருடைய பிள்ளை என்று.) அதற்குமேல் எந்த மர்மநாயகனும் தாக்குப்பிடிக்கமாட்டான். எனவே அவனுக்கு நம்பத்தகுந்த மறைப்பு வேண்டும். வங்கிக்கு மாற்றலாகி வந்தவன், மலையகத்தில் வளர்ந்தவன், வெளிநாட்டில் பிறந்து அரைகுறைத் தமிழ் பேசுபவன் என்று எதையாவது கொடுங்கள். பெயருக்கு முன்னால் நிற்கும் தகப்பன் பெயரின் முதலெழுத்தையும் மறக்கவேண்டாம். அந்த ஓரெழுத்து அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். வளர்ப்புத் தகப்பனின் எழுத்தைப் போட்டிருக்கிறானா, தாயின் பெயரைப் போட்டிருக்கிறானா என்று முன்கூட்டியே தீர்மானியுங்கள்.

2. ரகசியம் எந்தப் பேப்பரில் இருக்கிறது?

அதிக நேரம் செலவழிக்கவேண்டிய படி இது. சாகக்கிடக்கும் அப்பம்மா வாய்திறந்து சொல்லும் ரகசியம் மலிவானது. வாசகர் அதை ஆயிரம் முறை பார்த்துவிட்டார். இரும்புப் பெட்டியிலோ அலுமாரியிலோ இருக்கும் ஒரு பேப்பர் சொல்லட்டும். எனக்குப் பயன்பட்டவை இவை.

பிறப்புச் சான்றிதழ். பழைய படிவத்தில் பெற்றோர் மணம் முடித்தவர்களா என்ற கேள்வி உண்டு. அந்தக் கூட்டில் இருக்கும் ஒரு சொல் ஒரு நாவலுக்குப் போதும். பதிவுத் திகதிக்கும் பிறந்த திகதிக்கும் பல வருட இடைவெளி இருந்தால், அது காலங்கடந்த பதிவு. ஏன் பிந்தியது, யார் போய்ப் பதிந்தார் என்பதில் கதை இருக்கிறது. சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து எடுக்கலாம். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் கட்டணம் குறைவு. தெரியாமல் தேடச்சொன்னால் கூடும், நாளும் இழுபடும். உங்கள் நாயகியும் இலக்கம் தெரியாமல்தான் போவாள். அந்த அலைச்சலைத் தாண்டி ஓடாதீர்கள், நல்ல அத்தியாயம் அது.

கலியாணப் பதிவு. “பதிவே இல்லை, ஆகவே அம்மாவின் கலியாணம் செல்லாது” என்று வில்லன் பக்கச் சட்டத்தரணி ஒரே வரியில் முடிப்பதாக எழுதுகிறார்கள். அப்படி இல்லை. தாலி, கூறை, சடங்கு என்று வழக்கப்படி நடந்த கலியாணம் பதிவு இல்லை என்பதற்காக மட்டும் இல்லாமற் போய்விடாது. பதிவு என்பது சிறந்த சான்று, அவ்வளவுதான். பதிவு இல்லாதபோது சடங்கைக் கண்ணால் கண்டவர்களைத் தேடவேண்டும். கலியாணம் செய்துவைத்த ஐயர் உயிரோடு இருக்கிறாரா, சபையில் இருந்தவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று தேடப் புறப்படுவதே நாவலின் நடுப்பகுதி முழுவதையும் நிரப்பும். தேடுபவளும் தேடலுக்குத் துணை போகிறவனும் காதலிக்க அங்கே தாராளமாக இடம் இருக்கிறது.

அற்றோணித் தத்துவம். வெளிநாட்டில் இருப்பவர், ஊரில் இருக்கும் தம்பிக்குக் காணியைப் பார்க்கவும் விற்கவும் அதிகாரம் எழுதிக்கொடுப்பது. எழுதிக்கொடுத்தவர் இறந்த நிமிடமே அந்த அதிகாரம் முடிந்துவிடும். ஆகவே இரண்டு பேப்பரை அருகருகே வையுங்கள்: ரொறன்ரோவில் எடுத்த மரணச் சான்றிதழ், யாழ்ப்பாணத்தில் முடித்த விற்பனை உறுதி. உறுதியின் திகதி பிந்தியதாக இருந்தால் சித்தப்பா இல்லாத அதிகாரத்தில் விற்றிருக்கிறார். நாயகி ஒரு வார்த்தை பேசவேண்டாம், இரண்டு திகதியையும் வாசித்தால் போதும். என் நாவலின் முடிச்சு இதுதான். நீங்களும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், இதற்கு யாரும் உரிமை கோரமுடியாது.

மரணசாதனம், அதாவது உயில். இரண்டு வழியில் எழுதலாம்: நொத்தாரிசு (நோட்டரி) முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு, அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகளோடு. இரண்டாவதைக் கதைக்காரர்கள் கவனிப்பதே இல்லை. ஐந்து பேருக்குத் தெரிந்த ரகசியம்! அதில் ஒருவர் நோர்வேயில், ஒருவர் முதியோர் இல்லத்தில், ஒருவர் நாயகனின் தாத்தா. வேறென்ன வேண்டும்?

தேசவழமை. வட மாகாணத் தமிழரின் ஆதனம் (சொத்து) இந்த வழக்கச் சட்டத்தின் கீழ் வருவதால் பொதுச் சட்டத்தை வைத்துக் கதை பின்னினால் பிழையாகிவிடும். முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம் (பெண்ணுக்குக் கலியாணத்தில் கொடுத்தது), தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பின் தேடியது) மூன்றும் வேறு வேறு. எந்த ஆதனம் எதில் சேரும் என்று உறவு மரத்தின் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். கதைக்கு உதவும் இரண்டு விதிகள் உண்டு. முதலாவது, மணமான பெண் தன் அசையாத ஆதனத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் இருக்குமிடமே தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியை நாடவேண்டும். காணாமற்போன கணவனின் ஒரு கையெழுத்துக்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையே நின்றுபோகிறது. அந்த விதி சரியா என்று கோபப்படுவதும் உங்கள் நாவலின் வேலையாக இருக்கலாம். இரண்டாவது, பிரிக்கப்படாத பங்குக் காணியில் ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்குமுன் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் அறிவிக்கவேண்டும். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இதைச் சொல்கிறது. அறிவிக்காமல் விற்றால் பங்காளி வழக்குப் போட்டு அதே காணியைத் தானே வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. தொலைந்துபோன பங்காளி திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கத்தி, துவக்கு ஒன்றும் தேவையில்லாத பழிவாங்கல்.

பத்து வருட ஆட்சி. “பத்து வருடமாக இருக்கிறேன், வீடு எனக்குத்தான்” என்ற வசனம் எல்லா வில்லன்களுக்கும் பிடித்தது. ஆனால் போரினால் வந்து உரிமை கேட்க முடியாமற் போனவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து வருடக் கணக்கில் சேர்க்காமல் விட 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதைப் பயன்படுத்தக் கால எல்லையும் வைத்தார்கள். கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்பதைப் பொறுத்து வில்லனின் வசனம் எடுபடும் அல்லது எடுபடாது.

இவ்வளவையும் ஒரு காணிச் சட்டத்தரணியிடம் ஒருமுறை வாசித்துக்காட்டுங்கள். ஆலோசனைக் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். நாவலுக்காக என்று சொன்னால் சிலர் வாங்கமாட்டார்கள், சிலர் சிரித்துவிட்டு வாங்குவார்கள். இருபது கேள்விகளை ஒரே தாளில் எழுதிக்கொண்டு ஒரே தடவையில் முடிப்பது மரியாதை, செலவும் மிச்சம். உங்கள் வீட்டு உறுதிக்கட்டையும் ஒரு பிற்பகல் இருந்து வாசியுங்கள். “வடக்கு எல்லை ஒழுங்கை, கிழக்கு எல்லை இன்னாரின் பெண்சாதி காணி, இதற்குள் அடங்கிய பனை, கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால்” என்று போகும் அந்த நடையை எவராலும் கற்பனையில் உண்டாக்க முடியாது. அளவுகளில் கவனம்: 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர். நாவலில் “அரை ஏக்கர் வளவு” என்று எழுதினால் கதாபாத்திரம் கொழும்பில் வளர்ந்தவராக இருக்கவேண்டும். ஊர்க்காரர் எட்டுப் பரப்பு என்றுதான் சொல்வார்.

3. கால அட்டவணையை உறவு மரத்தோடு பொருத்துங்கள்

வாசகர் கடிதங்களில் அதிகம் அடிவாங்குவது இந்த இடம்தான். 1994இல் நாயகனை யாழ்தேவியில் கொண்டுவந்து இறக்கினால் புத்தகத்தை அங்கேயே மூடிவிடுவார்கள். 1990இல் நின்ற ரயில் 2014 ஒக்ரோபரில்தான் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை 2002இல் திறந்து, 2006 ஓகஸ்டில் மூடி, போர் முடிந்த பிறகே மீண்டும் திறந்தது. தொண்ணூறுகளின் முற்பகுதியில் தெற்கே போவதென்றால் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்தார்கள். 1995 ஒக்ரோபர் 30, கொக்குவில் அடங்கிய வலிகாமத்துச் சனம் வீடுகளை விட்டு வெளியேறிய இடப்பெயர்வு நடந்த நாள். அன்று மாலை யாராவது கொக்குவில் வீட்டு முற்றத்தில் நிதானமாகக் காதல் கடிதம் வாசித்தால் உங்களுக்கு வசவு நிச்சயம். போர் முடிந்த பின் பலாலிக்கு நேராக வெளிநாட்டு விமானத்தில் வருவது 2019 ஒக்ரோபருக்குப் பிறகுதான்.

இதில் நன்மையும் இருக்கிறது. மின்சாரம் இல்லாத காலம், சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கேட்ட வானொலி, செஞ்சிலுவைச் சங்கம் வழியாக வந்த கடிதம் எல்லாம் ரகசியத்தைக் காப்பாற்றும் கருவிகள். கைபேசி இருக்கிற காலத்தில் ஒரு ரகசியத்தை இருபது வருடம் மறைத்துவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எழுதும்போதுதான் தெரியும்.

4. தொலைந்தவரைத் திருப்பிக் கொண்டுவருதல்

இங்கே மெதுவாக நடக்கவேண்டும். நம்மூரில் தொலைந்துபோனவர் என்றால் கதைக்குரிய ஆள் மட்டுமல்லர். படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியோரம் இருக்கும் தாய்மார் உங்கள் வாசகர்களாகவும் இருக்கலாம். இறுதிப் போரில் காணாமற்போனவர் ஒருவர் கடைசி அத்தியாயத்தில் கோட்டும் சூட்டுமாக வந்து நிற்பதை நான் எழுதமாட்டேன். எழுதுவதானால் காணாமற்போனோர் அலுவலகத்துக்குக் கொடுத்த விண்ணப்பம், மரணச் சான்றிதழை எடுக்க மறுக்கும் மனைவி, அதற்குப் பதிலாக 2016க்குப் பிறகு வழங்கப்படும் காணாமற்போயுள்ளார் என்ற சான்றிதழ் என்று உண்மையான பாதையில் போங்கள்.

பொழுதுபோக்குக் கதைக்கு வேறு வகைத் தொலைவுகள் நிறையவே உண்டு. சண்டை பிடித்துக்கொண்டு கப்பலுக்குப் போன பெரியப்பா, தத்துக்கொடுத்த பிள்ளை, எண்பதுகளில் ஜேர்மனிக்குப் போய் இன்னொரு குடும்பம் நடத்தியவர், சாதி பார்த்துத் துரத்தப்பட்ட அத்தான். சாதி என்ற காரணத்தைப் பூசி மெழுகாமல் பெயர் சொல்லி எழுதுங்கள். “குடும்பப் பகை” என்று பொதுவாக எழுதியதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

5. அயலவர் கதையா? பெயரோடு ஊரையும் மாற்றுங்கள்

பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்கவேண்டாம். மூன்று மாடி வீடு, மூலையில் வைரவர் கோவில், லண்டனில் மூத்த மகன் என்று மூன்று அடையாளம் கொடுத்தால் பெயரே தேவையில்லை. அவதூறுக்குக் குற்ற வழக்கு 2002இல் இல்லாமற் போனது. ஆனால் நட்டஈடு கேட்டுக் குடியியல் வழக்குப் போடலாம். அதைவிடப் பெரிய தண்டனை, கோவில் திருவிழாவில் ஒருவரும் உங்களோடு கதைக்கமாட்டார்கள்.

6. எழுத்துருச் சிக்கல்

நீங்கள் யூனிக்கோட்டில் தட்டச்சு செய்திருப்பீர்கள். அச்சகத்தில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். மாற்றும்போது நிறுத்தற்குறிகள் எழுத்துகளாக மாறி நிற்கும், ‘கௌ’ இருக்கவேண்டிய இடத்தில் கொம்பும் ளகரமும் வரும், ‘ஸ்ரீ’ காணாமற் போகும். யூனிக்கோட்டிலேயே பக்கம் வடிவமைப்பவரைத் தேடிப் பிடியுங்கள். கிடைக்காவிட்டால் மாற்றிய பிறகு முழு நாவலையும் திரும்பத் தாளில் எடுத்து வாசியுங்கள். திரையில் வாசித்துப் பிழை திருத்தியது கணக்கில் சேராது.

முதல் திருத்தத்தை நீங்கள் செய்யலாம். இரண்டாவதை வேறொருவர் செய்யவேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள், வேலை சுத்தமாக இருக்கும். ஒரு நிபந்தனையை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள்: உரையாடலில் “வாறன், போட்டு வாறன்” என்று இருப்பதை “வருகிறேன்” என்று திருத்தக்கூடாது. சொல்லாவிட்டால் ஒழுங்கை முகப்பு ஆச்சியும் செய்தி வாசிப்பவர் மாதிரிப் பேசத் தொடங்கிவிடுவார்.

இந்தப் படிக்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

7. ஐ.எஸ்.பி.என் இலக்கமும் உரிமையும்

நூலை அடையாளம் காட்டும் இந்தச் சர்வதேச இலக்கத்தை வழங்குவது கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. நூலின் தலைப்பு, ஆசிரியர், பதிப்பாளர், பக்கம், விலை முதலிய விபரங்களோடு விண்ணப்பிக்கவேண்டும். இலங்கை நூல்களுக்கு 978க்குப் பிறகு 955 அல்லது 624 வரும். அச்சு நூலுக்கு ஒன்று, மின்னூலுக்கு வேறொன்று. ஒரே இலக்கத்தை இரண்டுக்கும் போடக்கூடாது. பக்கம் வடிவமைத்து முடிந்த பிறகு விண்ணப்பிப்போம் என்று இருந்தால் அச்சகம் காத்திருக்கும், அச்சகம் காத்திருந்தால் உங்கள் வேலை வரிசையில் பின்னுக்குப் போகும். தலைப்பு உறுதியானவுடன் விண்ணப்பித்துவிடுங்கள். தலைப்பைப் பிறகு மாற்றவேண்டாம்.

பதிப்புரிமைக்குத் தனியாகப் பதிவு தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி எழுதிய உடனேயே உரிமை உங்களுடையது. உங்கள் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 வருடமும் அது இருக்கும். “பதிந்து தருகிறேன்” என்று காசு கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். பதிப்பகம் ஒன்று நூலை எடுத்தால் ஒப்பந்தத்தில் “முதற்பதிப்பு, அச்சு வடிவம்” என்று மட்டும் இருக்கட்டும். “சகல உரிமைகளும்” என்ற சொல்லைக் கண்டால் பேனாவை மூடுங்கள். இந்த வகைக் கதைகளைத்தான் தொலைக்காட்சித் தொடர்காரர்கள் தேடுகிறார்கள்.

8. அச்சகமும் காசும்

விலை விசாரிக்குமுன் நான்கு விஷயம் கையில் இருக்கவேண்டும்: பக்க எண்ணிக்கை, நூலின் அளவு, உள்தாளின் கனம், அட்டையின் கனம். இவை இல்லாமல் “ஒரு நாவல் அடிக்க எவ்வளவு?” என்று கேட்டால் ஆளைப் பார்த்துச் சொல்லும் விலைதான் கிடைக்கும். பக்க எண்ணிக்கை 16ஆல் வகுபட்டால் தாள் வீணாகாது. 213 பக்கம் வந்தால் வரியிடைவெளியைச் சற்று இறுக்கி 208 ஆக்குங்கள்.

நாவலுக்கு உள்தாள் 70 அல்லது 80 ஜி.எஸ்.எம் போதும். அட்டை 250க்குக் குறையக்கூடாது. இவற்றைக் கொட்டேஷனில் எழுத்தில் வாங்குங்கள். ஒரு அச்சகம், பெயர் வேண்டாம், மாதிரியில் காட்டியது ஒரு அட்டை, கட்டித் தந்தது வேறு அட்டை. ஒரு மாதத்தில் விளிம்பெல்லாம் சுருண்டுவிட்டது. கேட்டபோது “அதுவும் ஆர்ட் போர்ட்தானே” என்றார்கள். கட்டு ஒட்டியதா, தைத்து ஒட்டியதா என்பதையும் எழுதவையுங்கள். தைத்தால் செலவு கூடும், ஆனால் நூலகங்களில் பக்கம் கழராது.

முந்நூறு பிரதிக்குள் என்றால் டிஜிற்றல் அச்சு. ஐந்நூறுக்கு மேல் ஓப்செற் அச்சில் ஒரு பிரதியின் செலவு நன்றாகக் குறையும். ஆனால் முதல் நாவலுக்கு ஐந்நூறு அடித்து வீட்டில் அடுக்கிவைக்கவேண்டாம் என்பது என் கருத்து. மீதி இருநூறும் கட்டிலுக்குக் கீழேதான் போகும், கறையான் வாசித்து முடிக்கும். சென்னையில் அடித்தால் மலிவு என்பார்கள். கப்பல், சுங்கம், கொழும்பிலிருந்து லொறி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

விலை வைக்கும் கணக்கைச் சொல்கிறேன், எண்கள் உதாரணத்துக்கு மட்டும். ஒரு பிரதிக்கு அச்சுச் செலவு 600 ரூபா, நூலில் 1,200 ரூபா விலை போடுகிறீர்கள். கடைக்காரர் 35 வீதக் கழிவு கேட்டால் கையில் வருவது 780. பிழைதிருத்தம், அட்டை ஓவியம், போக்குவரத்தைப் பிரதிக்கு 150 என்று பிரித்தால் மிஞ்சுவது 30 ரூபா. இலவசமாகக் கொடுக்கும் பிரதிகள் இன்னும் கணக்கில் வரவில்லை. ஆகவே அச்சுச் செலவின் இரண்டு மடங்கு போதாது, இரண்டரை மடங்காவது வையுங்கள். 2022இல் கடதாசி விலை ஏறியதிலிருந்து அச்சகங்கள் கொட்டேஷனைக் குறுகிய காலத்துக்கே தருகின்றன. எத்தனை நாளுக்குச் செல்லும் என்று அதில் பார்த்துவிட்டு முற்பணம் கட்டுங்கள். முழுப்பணத்தையும் முதலில் கொடுக்கவே வேண்டாம்.

அட்டை, உள்தாளோடு கட்டிய ஒரு மாதிரிப் பிரதியைக் கையில் பார்த்து ஒப்பமிட்ட பிறகே மிச்சத்தை அடிக்கச் சொல்லுங்கள். தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு அச்சகம் ஒப்படைக்கவேண்டிய பிரதிகள் இருக்கின்றன. அவை உங்கள் எண்ணிக்கைக்குள் அடங்குமா, மேலதிகமா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். காலம்: சாதாரணமாக ஒரு மாதம் என்று சொல்வார்கள், ஒன்றரை மாதம் என்று நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நாட்காட்டி அடிக்கும் மார்கழி மாதத்தில் கொண்டுபோனால் தை பிறந்த பிறகுதான் தொடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒட்டுக் கட்டு காய்வதும் பிந்தும்.

9. அணிந்துரைப் பொறி, வெளியீட்டுப் பொறி

நம்மவர் அணிந்துரை எழுதினால் முழுக்கதையையும் சொல்லிவிடுவார்கள். “உண்மையில் செல்வன் இவளுடைய மாமாவின் மகன் என்று தெரியவரும் இடத்தில் ஆசிரியரின் திறமை பளிச்சிடுகிறது” என்று மூன்றாம் பக்கத்திலேயே இருந்தால் மிச்சம் இருநூறு பக்கத்தை ஒருவர் ஏன் வாசிக்கவேண்டும்? அணிந்துரை வாங்காமல் விடுவதே நல்லது. தவிர்க்கமுடியாத பெரியவர் என்றால் கடைசியில் பின்னுரையாகப் போடுங்கள். முடிச்சை அவிழ்க்கவேண்டாம் என்று கேட்டு, பிரதியோடு ஒரு திகதியும் கொடுங்கள். திகதி இல்லாமல் கொடுத்த பிரதி அவருடைய மேசையில் வருடக்கணக்கில் கிடக்கும்.

வெளியீட்டிலும் அதே ஆபத்து. ஆய்வுரை செய்பவர் மேடையில் வைத்து ரகசியத்தை உடைப்பார். முன்வரிசையில் காசு கொடுத்து வாங்க வந்தவர்கள் கேட்டுக்கொண்டு இருப்பார்கள். முதல் பத்து அத்தியாயத்தை மட்டும் பேசும்படி எழுதிக் கேளுங்கள். தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயப்புரை, ஏற்புரை என்று எல்லாம் வைத்தால் மூன்று மணித்தியாலம் போகும், நூல் வாங்கவேண்டியவர்கள் பாதியில் பஸ்ஸுக்கு எழும்பிவிடுவார்கள். பேச்சு நான்குக்கு மேல் வேண்டாம்.

ஆனால் வெளியீட்டை விட்டுவிடாதீர்கள். போட்ட காசில் பெரும்பகுதி திரும்ப வருவது அன்றுதான். முதற்பிரதி பெறுபவரும் கடித உறையில் காசு வைத்துச் சிறப்புப் பிரதி வாங்குபவர்களும் கொடுப்பது கடையில் பல மாதம் விற்றாலும் வராது. மண்டப வாடகை, ஒலிபெருக்கி, சிற்றுண்டி, அழைப்பிதழ் ஆகிய நான்கையும் அச்சுச் செலவோடு சேர்த்தே முதலில் ஒதுக்குங்கள். திகதிக்கு நல்லூர்த் திருவிழாவை ஒட்டிய வாரங்களைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஊரில் நிற்பார்கள், இந்த வகைக் கதைக்கு அவர்களே முதல் வாசகர்கள். கொடியேறிய பிறகு மண்டபம் கேட்டுப் போனால் கிடைக்காது. சித்திரையிலேயே பதிந்துவிடுங்கள். மாலை நேரம் வேண்டாம், சனம் கோவிலுக்குப் போய்விடும். காலை பத்து மணி சரியாக இருக்கும்.

10. கடைக்கு வைப்பதும் வெளிநாட்டுக்கு அனுப்புவதும்

கடைகள் “விற்றால் காசு” என்றுதான் எடுக்கும். எத்தனை பிரதி, என்ன கழிவு, எந்தத் திகதி என்று சிட்டை எழுதி, கடைக்காரரின் கையொப்பம் வாங்குங்கள். கார்பன் பிரதி உங்களிடம் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் எண்ணிப் பாருங்கள். ஐம்பது பிரதியை ஒரே கடையில் இறக்குவதைவிடப் பத்துப் பத்தாக வைத்து, முடிந்ததும் நிரப்புவது நல்லது. கடைசியில் திருப்பி எடுக்கும்போது அழுக்கான பிரதி குறையும்.

வெளிநாட்டுக்கு ஒவ்வொன்றாகத் தபாலில் அனுப்பினால் தபாற்செலவு நூலின் விலையைத் தாண்டலாம். ஊருக்கு வந்து திரும்புபவரிடம் பத்துப் பிரதி கொடுத்து, அங்கே ஒருவர் பங்கிட்டு அனுப்புவதே நடைமுறையில் ஓடுகிற வழி. மின்னூலாகவும் போடலாம். ஆனால் அச்சுப் பிரதி விற்கும் முதல் ஆறு மாதம் பொறுங்கள். மின்னூல் வந்த அடுத்த வாரமே அதன் பீ.டி.எஃப் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கும், உங்கள் சொந்த மாமியே அதை உங்களுக்கு அனுப்பி “நல்ல கதை பிள்ளை, வாசிச்சுப் பார்” என்பார்.